வெட்டச் சொன்ன வாய்

ஸைனுலாப்தீனைத் தோணி நெரித்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னபோது, அவன் பெண்சாதி சுபைறா பன்பாயின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினாள். செய்தி கொண்டுவந்தவன் அதை ஒரு வீடு விடாமல் சொல்லிவைத்தான். கல்நெஞ்சுக்காரி என்று சாய்ந்தமருதில் அன்றைக்கு அவளுக்கு ஒரு பேர் கிடைத்தது. பேர் வைப்பதற்கு ஊருக்கு என்ன காசா பணமா.

உண்மையைச் சொன்னால், அந்த நெஞ்சு கல்லாகி அப்போதே இரண்டு வருசம் ஆகியிருந்தது. ஐம்பத்துமூன்றாம் ஆண்டு மகள் பரீனா மௌத்தாகி மண்ணுக்குள் போன நாளிலிருந்து சுபைறாவுக்கு எதுவும் உள்ளே இறங்குவதில்லை. சோறாக்குவாள், பாய் இழைப்பாள், தொழுவாள், கேட்டால் ஓம் என்பாள், இல்லை என்பாள். பல் பிடுங்கப் போகிறவர்களுக்கு ஊசி போட்டால் கன்னம் தன்னுடையது இல்லைபோல இருக்குமே, அப்படி இருந்தாள். கன்னத்துக்கு ஒரு மணித்தியாலத்தில் சரியாகிவிடும். இவளுக்கு ஆகவில்லை.

கடற்கரையில் நடந்தது இதுதான். கச்சான் காற்றுக் காலம், கடல் பெரிதாகக் கோபப்படாத நாட்கள். கரைவலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்த தோணியைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். தோணிக்கு அடியில் உருளைக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவது ஸைனுலாப்தீனின் வேலை. இருபது வருசமாகச் செய்கிறவன், கண்ணை மூடிக்கொண்டும் செய்வான். அன்றைக்குக் கட்டையைத் தள்ளிவிட்டு அவன் விலகுவதற்குள் பின்னால் வந்த அலை தோணியைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தது. ஏற்கெனவே கரையில் கிடந்த இன்னொரு தோணிக்கும் இதற்கும் நடுவில் அவனுடைய வலது விலா அகப்பட்டுக்கொண்டது. காய்ந்த தென்னைமட்டையை மிதித்தாற்போல ஒரு சத்தம் கேட்டதாம். இரத்தம் ஒரு சொட்டும் வரவில்லை. அதனால் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் கூட நின்றவர்கள் முதலில் நினைத்தார்கள். அவன் மூச்செடுக்கிற விதத்தைப் பார்த்த பிறகு பயந்துபோய், மாட்டுவண்டியில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சுபைறா போய்ச் சேர்ந்தபோது அவனை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். டொக்டர் நல்லரெத்தினம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். பாண்டிருப்பு ஆள், நாற்பது வயதிருக்கும், அதிகம் சிரிக்காதவர். அவளைக் கிட்டக் கூப்பிட்டு, போர்வையை விலக்கிக் காட்டினார்.

"தங்கச்சி, வடிவாப் பாருங்க. மூச்ச உள்ளுக்கு இழுக்கக்குள்ள நெஞ்சு மேல வரணும். இந்த இடம் மட்டும் உள்ளுக்குப் போகுது. மூச்ச விடக்குள்ள இது வெளிய தள்ளுது. அஞ்சு விலா எலும்பு, ஒவ்வொண்டும் ரெண்டு இடத்தில முறிஞ்சிருக்கு. அந்தத் துண்டு தனிய ஆடுது. அதுதான் அவருக்கு மூச்சுக் காணாம இருக்கு."

அவள் பார்த்தாள். கையகல இடம் ஒன்று அவன் உடம்போடு ஒத்துப்போகாமல் ஆடிக்கொண்டிருந்தது. உடம்பு ஒன்று சொல்ல அது வேறொன்று செய்தது. பார்க்க விசித்திரமாக இருந்தது, அவ்வளவுதான். பயம் வரவில்லை.

டொக்டர் அவளை வெளி விறாந்தைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஸைனுலாப்தீனின் மூத்த சகோதரி சுல்பிகா வாங்கில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் டொக்டர். "ஒண்டு, மட்டக்களப்புக்கு அனுப்புறது. அங்க பெரிய டொக்டர் நெஞ்சத் திறந்து, முறிஞ்ச எலும்புகளக் கம்பியால கட்டுவார். போற வழியில குலுங்கி என்னவும் நடக்கலாம். மயக்க மருந்து குடுக்கக்குள்ளயும் நடக்கலாம். மற்றது, வெட்டாம இஞ்சயே வெச்சுப் பாக்கிறது. பிளாஸ்டர் ஒட்டி, மேல மணல்பை வெச்சு, நோவுக்கு ஊசி போட்டு, அவர இருமப் பண்ணிச் சளியெடுத்து, எலும்பு தானாப் பொருந்துமட்டும் காத்திருக்கிறது. அதிலயும் நிச்சயம் எண்டு நான் சொல்லமாட்டன்."

"நீங்க எதுக்குச் சொல்றீங்க ஐயா?"

"என்ட மனசில சரிபாதிதான். உங்கட சம்மதம் வேணும். கையெழுத்து நீங்கதான் வைக்கணும்."

சுபைறா அந்த விறாந்தையைச் சுற்றிப் பார்த்தாள். இதே விறாந்தை. இரண்டு வருசத்துக்கு முன்னால் இங்கேதான் நின்றாள், ஆனால் தூணுக்குப் பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு. அப்போது வேறொரு டொக்டர் இருந்தார். ஒன்பது வயதுப் பரீனாவின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, குடல்வால் பழுத்திருக்கிறது, இன்றைக்கே மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் வெட்டவேண்டும் என்று அவர் சொன்னார். சொன்னது ஸைனுலாப்தீனிடம். சுபைறாவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"பொம்புளப் புள்ளட வயித்த அந்நிய ஆம்புள வெட்டுறதா?" என்று கேட்டான் ஸைனுலாப்தீன். "அல்லா தந்த உடம்பு. கத்தி வைக்க உடமாட்டன்."

பிள்ளையை வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். பரியாரியார் வந்தார், கசாயம் வந்தது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் நோவு நின்றுவிட்டது உம்மா என்று பரீனா சொன்னாள். வீடே அல்ஹம்துலில்லாஹ் என்றது. கஞ்சி கேட்டாள். கஞ்சி ஆறுவதற்குள் கை கால் குளிர்ந்தது. பின்னேரம் அசருக்குப் பாங்கு சொன்னபோது பிள்ளை இல்லை. உள்ளே பழுத்தது உடைந்துபோனால் நோவு கொஞ்சநேரம் நிற்கும் என்று பிறகு யாரோ சொன்னார்கள். பிறகு சொல்வதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது.

அன்றைக்கு அந்தத் தூணுக்குப் பின்னால் சுபைறாவின் வாயில் ஒரு சொல் இருந்தது. கொண்டுபோங்க மச்சான் என்பது. அதை அவள் சொல்லவில்லை. புருசன் கதைத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே சொல்லிப் பழக்கமில்லை. அந்தச் சொல் போனதோடுதான் மற்றதெல்லாமும் போயிற்று.

"என்ன யோசிக்கிறாய்?" என்றாள் சுல்பிகா. "வெட்ட வேணாம் எண்டு சொல்லு. அவன் வெட்டுக்கு விருப்பமில்லாதவன் எண்டு உனக்குத் தெரியாதா? சொந்தப் புள்ளைக்கே சம்மதிக்கயில்ல."

"தெரியும் மதினி."

"அப்ப என்னத்துக்குப் பேசாம நிக்கிறாய்?"

சுபைறா உள்ளே போனாள். கட்டிலருகில் யாரும் இல்லை. ஸைனுலாப்தீனின் முகம் வியர்த்து, வாய் கரையில் போட்ட மீனின் வாயாகத் திறந்து திறந்து மூடியது. அவளைக் கண்டதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கடற்காரனின் பிடி, விலா முறிந்தும் கையில் பலம் போகவில்லை.

"வெட்டச்..." என்றான். ஒரு மூச்சு. "சொல்லு..." இன்னொரு மூச்சு. "புள்ள. கெதியா."

சுபைறா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆத்திரம் வரவேண்டிய இடம் அது. வேறொரு பெண்ணாக இருந்தால் அந்தக் கையை உதறியிருப்பாள், அல்லது மகளின் பேரைச் சொல்லிக் கத்தியிருப்பாள். அவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். ஆத்திரம் இல்லை, இரக்கம் இல்லை, சந்தோசமும் இல்லை. கேட்டது மட்டும் காதில் இருந்தது. ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"வெட்டுங்க ஐயா" என்று டொக்டரிடம் சொன்னாள். கடதாசியில் கையெழுத்து வைத்தாள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், பேரைத் தெளிவாக எழுதினாள்.

சுல்பிகா எழும்பி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "நீ பழி வாங்குறாய். புள்ள போனதுக்கு என்ட தம்பியக் கத்திக்குக் குடுக்கிறாய். அல்லா பாத்துக்கொண்டுதான் இரிக்கான்."

அவரேதான் கேட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பப்போகிறவர்கள் யார். சுபைறா வாங்கின் மறுமுனையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் ஆசுபத்திரிக்கு இருந்த ஒரேயொரு அம்புலன்ஸ் காலையிலேயே ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போயிருந்தது. அது திரும்பிவர அசர் ஆகும் என்றார்கள். காத்திருந்தார்கள். வெயில் விறாந்தையில் ஏறி இறங்கியது. மத்தியானம் லுஹர் கழிந்து கொஞ்ச நேரத்தில் ஸைனுலாப்தீனின் உதடு கறுக்கத் தொடங்கியது. மூச்சு நாய் இளைப்பதுபோல ஓடியது, கண் மேலே செருகிக்கொண்டது. டொக்டர் பிரசவ வார்ட்டில் ஒரு சிக்கலான பிரசவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாதி மிஸ்ஸி அவரைக் கூப்பிட ஓடினாள்; அவரால் அதை விட்டுவிட்டு உடனே வரமுடியவில்லை.

அந்த இடைவெளியில்தான் சுல்பிகா காரியத்தைக் கையில் எடுத்தாள். சகறாத்து வந்துவிட்டது, இது கடைசி நேரம் என்று அவளுக்குத் தீர்மானமாகிவிட்டது. பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவர ஆள் போய், அவரும் வந்தாயிற்று. வார்ட்டுக்குள் கடற்கரை ஆட்கள் பத்துப்பேர் நுழைந்தார்கள். கட்டில் கிழக்கு மேற்காகக் கிடந்தது. மௌத்தாகப் போகிறவனைக் மக்கத்துக் கிப்லாவுக்கு முகம் காட்டாமல் விடுவதா? இரும்புக் கட்டிலைத் தூக்கித் திருப்பித் தலைமாட்டை வடக்கே வைத்தார்கள். சீமெந்துத் தரை கிறீச்சிட்டது. மணல்பையை எடுத்துக் கீழே போட்டார்கள். பிறகு அவனை வலப்பக்கமாகச் சரித்து, முகத்தை மேற்கே பார்க்கவைத்தார்கள்.

"அது முறிஞ்ச பக்கம்" என்றார் ஒருவர்.

"மௌத்தாப் போறவனுக்கு நோவென்ன" என்றாள் சுல்பிகா. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

சரித்தபோது அவன் ஒருமுறை முனகினான். லெப்பை யாசீன் ஓதத் தொடங்கினார். சுல்பிகா சுபைறாவைத் தோளில் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"பொருந்திட்டன் எண்டு சொல்லு புள்ள. பொஞ்சாதி பொருந்தாட்டி ரூஹ் லேசாப் போகாது. என்ன குறையிருந்தாலும் பொருந்திட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவாவது சொல்லு."

பத்துப்பேரும் அவளைப் பார்த்தார்கள். ஸைனுலாப்தீனின் கண் பாதி திறந்து அவள் பக்கம் இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று மௌத்துக்கு முன்னால் பெண்சாதிமார் எல்லோரும் சொல்கிற சொல்தான். பொய்யாகவேனும் சொல்லிவிடலாம். சுபைறா வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. ஒரு வார்த்தைகூட உள்ளே அகப்படவில்லை.

"கல்லு" என்றாள் சுல்பிகா. பிறகு தம்பியின் காதுக்கு அருகில் குனிந்து, "பொருந்திட்டாளாம் தம்பி" என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஓடிக்கொண்டிருந்த மூச்சு மெல்லத் தணிந்தது. முடியப்போகிறது என்று லெப்பை ஓதலை விரைவாக்கினார். யாசீன் முடிந்தது, ஆள் முடியவில்லை. லெப்பை கொஞ்சம் சங்கடப்பட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாவது தடவை பாதியில் அவன் உதட்டில் நிறம் வந்தது. முடியும் தறுவாயில் கண்ணை முழுதாகத் திறந்து, தண்ணி கேட்டான்.

அப்போதுதான் டொக்டர் ஓடிவந்தார். கையில் இன்னும் ஈரம். கட்டில் திரும்பிக் கிடப்பதையும், மணல்பை தரையில் கிடப்பதையும், பத்துப்பேர் நிற்பதையும் கண்டு ஏசுவதற்கு வாயைத் திறந்தவர், ஏசவில்லை. ஸைனுலாப்தீனின் முதுகுக்கும் மெத்தைக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றார்.

"ஒருத்தரும் இவரத் தொடவேணாம்" என்றார். "இப்பிடியே கிடக்கட்டும்."

சுபைறாவுக்கு அவர் விளக்கமாகச் சொன்னார். மல்லாக்கக் கிடந்தபோது ஆடிக்கொண்டிருந்த துண்டு, இப்போது அவன் உடம்புப் பாரத்தாலேயே மெத்தையோடு அழுந்தி ஆடாமல் நிற்கிறது. முறிந்த முனை நுரையீரலில் குத்திவிடும் என்று பயந்து தான் அவனைத் திருப்பவில்லை என்றார். "இவங்க பயப்படயில்ல. மௌத்தாகிட்டார் எண்டு நினைச்சபடியா. இனி வெட்டத் தேவையில்ல தங்கச்சி."

அசருக்கு வந்த அம்புலன்ஸ் அவனை ஏற்றாமலே கொட்டிலில் போய் நின்றது. சுபைறா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருத்தியை வெட்டாமல் விட்டதால் மௌத்தாக்கினார்கள், ஒருத்தனை வெட்டாமல் விட்டதால் பிழைக்கவைத்தார்கள். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

பதினெட்டு நாள் கழித்து ஸைனுலாப்தீன் வீட்டுக்கு வந்தான். சுபைறாவின் சீதனவீடு அது. மண்டபத்தில் கட்டில் போட்டு, வலப்பக்கம் சரிந்து மேற்கே பார்த்தபடி கிடந்தான். டொக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அவனை எழுப்பி உட்காரவைக்கவேண்டும், முறிந்த இடத்தில் தலையணையை வைத்து இறுக்கிப் பிடிக்கவேண்டும், அவன் இருமவேண்டும். நோவுக்குப் பயந்து இருமாமல் விட்டால் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, எலும்பு பொருந்தியும் ஆள் போய்விடுவான். சுபைறா ஒரு தடவையும் தவறவிடவில்லை. பாய் இழைக்கிற கை, ஒரே அளவில் அழுத்தத் தெரியும். அன்பில் செய்தாளா, பழக்கத்தில் செய்தாளா என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

பார்க்க வருகிறவர்கள் குறையவில்லை. கிப்லாவுக்குத் திருப்பிப் பிழைத்த மனிசனைப் பார்க்க நிந்தவூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். கதை வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. முதல் வாரத்தில், வெட்டவேணும் எண்டு டொக்டர் சொன்னாராம் என்றான் ஸைனுலாப்தீன். இரண்டாம் வாரத்தில், நான் வேணாம் எண்டு தலையாட்டினன் என்றான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியாது என்றுதான் நினைக்கவேண்டும். ஒரு கதையைப் பத்துத் தரம் சொன்னால் சொல்கிறவனே முதலில் நம்பிவிடுகிறான்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கரைவலைப் பங்காளி சீனிமுகம்மது இன்னும் மூன்றுபேரோடு வந்தார். சுபைறா திரைக்குப் பின்னால் நின்று இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கத்தி வைக்க உடமாட்டன் எண்டு ஒரே சொல்லாச் சொல்லிட்டன்" என்று ஸைனுலாப்தீன் சொல்வது கேட்டது. "அல்லா தந்த உடம்பு. இவதான் பயந்துபோய்க் கையெழுத்து வெச்சிட்டா, பாவம். பொம்புளதானே."

"அதுதான் ஈமான்" என்றார் சீனிமுகம்மது. "அண்டைக்கு மகள்ட விசயத்திலயும் நீங்க அப்பிடித்தானே நிண்டீங்க."

"ஓம். அவட ஹயாத்து அவ்வளவுதான். வெட்டியிருந்தாலும் போயிருப்பா."

சுபைறாவின் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைத்தாள். நெஞ்சுக்குள்ளே எதுவோ இடம் மாறியது. முதலில் என்னவென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது, நொந்தது. இரண்டு வருசத்துக்குப் பிறகு அவளுக்கு நொந்தது. அன்றைக்குப் பரீனா கேட்ட கஞ்சிக் கோப்பையின் சூடுகூடக் கைக்கு வந்தது.

மண்டபத்தில் அவனுக்கு இருமல் கிளம்பியது. "புள்ள, தலகாணி" என்று கூப்பிட்டான்.

ஆட்கள் போகட்டும் என்று வழக்கமாக அவள் காத்திருப்பாள். அன்றைக்கு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தலையணையோடு நேரே வெளியே வந்தாள். ஆண்கள் கூச்சத்தோடு பார்வையைத் தாழ்த்தினார்கள். அவனை எழுப்பி உட்காரவைத்து, விலாவில் தலையணையை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். அவன் இருமி முடிக்கும்வரை பிடித்திருந்தாள். பிறகு, உப்புக் குறைகிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"மச்சான், நீங்க வெட்டச் சொன்னீங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ட கையப் புடிச்சிக்கிட்டு, கெதியா வெட்டச் சொல்லு புள்ள எண்டீங்க. அதத்தான் நான் டொக்டர்ட்டச் சொன்னன். நொந்தா ஆரும் கேப்பாங்க. அதில குத்தமில்ல." தலையணையை அவள் இன்னும் எடுக்கவில்லை. "அவளும் கேட்டா. மூணு நாளும் கேட்டா, ஆசுபத்திரிக்குப் போவம் உம்மா எண்டு."

சீனிமுகம்மது தேத்தண்ணிக்குக் காத்திருக்கவில்லை. நால்வரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஸலாமை வாசலில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஸைனுலாப்தீன் வலப்பக்கம் சரிந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். கொஞ்ச நாளாக அவளோடு நல்லமாதிரி நடந்துகொண்டவன்தான். இப்போது முதுகு மட்டும் தெரிந்தது.

அடுத்த மணித்தியாலம் வந்தது. அவன் கூப்பிடவில்லை. சுபைறா அடுப்படியில் நின்று கேட்டுப் பார்த்தாள். அவன் நெஞ்சில் சளி கரகரக்கிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. இவ்வளவு காலம் இல்லாமல் அவள் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மகளுக்காக அழுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. துடைத்தால் நிற்காது என்று கண்டு, துடைக்காமலே தலையணையை எடுத்துக்கொண்டு போனாள்.

எழுப்பி உட்காரவைத்தபோது அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அழுவதை அவன் அதற்கு முன்னால் கண்டதில்லை, மகளின் மையித்து எடுத்த நாளிலும் கண்டதில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இந்தத் தடவை பிடியில் பலமில்லை.

"பொருந்திக்க புள்ள" என்றான்.

சுபைறா தலையணையை அவன் விலாவில் வைத்தாள்.

"அது பொறகு" என்றாள். "இப்ப இருமுங்க."

அவன் இருமப் பார்த்தான், அழுகைதான் வந்தது. அழும்போதும் அந்த விலா நோகும் போலிருந்தது. அவள் தலையணையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.